கொசுவலைக்குள் பீன்ஸ் கொடி

இன்றைக்கும் உதிர்ந்துதான் கிடந்தன. கொசுவலையைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்த அமலோற்பவம் முதலில் தரையைத்தான் பார்த்தாள். கொடியை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் கொஞ்ச நாளாகவே அவளுக்கு இல்லை. சிவப்புச் சிவப்பாகப் பூக்கள், காம்போடு கழன்று, பனியில் நனைந்து, நேற்று அள்ளியெடுத்த இடத்திலேயே மறுபடியும் ஒரு முறம் அளவுக்கு. மணி ஆறு. அவர் எழுந்திருக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும். ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு முதல் கொத்துக்குப் போனாள். பூவின் இடது பக்கத்து இதழை மெல்ல அமுக்கினால் உள்ளே சுருண்டு கிடக்கிற வெள்ளை நரம்பு எட்டிப் பார்க்கும், மஞ்சள் பொடி கொஞ்சம் அதில் ஒட்டும், விரலை எடுத்தால் உள்ளே போய்விடும். அவ்வளவுதான். ஒரு தேனீ வந்து உட்கார்ந்தால் அதன் கனத்துக்கே நடந்துவிடுகிற காரியம். ஐம்பத்தெட்டு வயதில், எழுபது கிலோவை வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு அமலோற்பவம் அந்த உத்தியோகத்தைப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். "மத்த பீன்ஸெல்லாம் தானா காய்க்கும்க்கா. இந்தச் சிவப்புப் பூ ஜாதிக்கு ஆள் வந்து தெறந்து விடணும். ஈ வரணும், வண்டு வரணும். நீங்க என்னடான்னா கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டு வெச்சிருக்கீங்க." அவளுக்கென்ன, சொல்லுவாள். அவள் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறார். முதலில் காது குடைகிற பஞ்சுக் குச்சியை வைத்துச் செய்துபார்த்தாள். குச்சி இதழைக் கிழித்தது. விரல்தான் சரி. இருபத்தேழு வருசம் தையல் சொல்லிக் கொடுத்த விரல், ஊசிக்காது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நூலைக் கோத்துவிடுகிற விரல், இதைக் கற்றுக்கொள்ளாதா? ஒன்று, இரண்டு, இந்தக் கொத்தில் ஏழு. ஒரு மாதமாகச் செய்கிறாள். ஒரு பிஞ்சைக் காணோம்.

ஒருவேளை தப்பான இதழை அமுக்குகிறோமோ? கொடிக்கு இடமா, நமக்கு இடமா? எதிரில் நிற்கிறவர்களுக்கு நம் இடது கை வலப் பக்கம்தானே. சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது பெண் பிள்ளைகள் செய்கிற அதே தப்பு. மூன்றாம் நாளே அந்தச் சந்தேகம் வந்து, இரண்டு பக்கத்தையும் அமுக்கிப் பார்த்துவிட்டாள். பூவுக்கே சலித்திருக்கும். இலை மட்டும் என்ன செழிப்பு! உள்ளங்கையை விரித்த மாதிரி, தொட்டால் கை நிறைகிற மாதிரி. பந்தல் முழுக்க ஏறி, வலையில் தலை முட்டி, போக இடமில்லாமல் திரும்பிக் கீழே தொங்குகிறது பாவம். வலையில் தலை முட்டி. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழக்கம்போலத் தட்டி நின்றது. இந்தக் கொடிக்கு ஒரு நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை, ஏன் காய்க்கவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கொசுவலைகளைச் சேர்த்துத் தையல் மெஷினில் ஒரே வலையாக அடித்தது அவள்தானே. நான்கு பக்கமும் தரையில் கல் வைத்து அமுக்கியதும் அவள்தான். ஒரு தேனீ உள்ளே நுழையக் கூடாது என்று கட்டி வைத்துவிட்டு, விடிகாலையில் திருடி மாதிரி வந்து தேனீ வேலையும் பார்த்தால் அது என்ன கணக்கு? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கணக்கு.

அவரிடம் சொன்னது குரங்கு என்று. "கொரங்கு வருதுங்க, ஒரு தளிர விடமாட்டேங்குது, அதான் வல போட்டேன்." சவரிநாதன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். குன்னூரில் முப்பத்திரண்டு வருசம் தபால் ஆபீசில் பை கட்டின மனுசர். பூட்டின கதவைத் திறந்து பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போகிற குரங்குகளை அவருக்குத் தெரியாதா? அந்தக் குரங்குக்குக் கொசுவலை! கேட்கிறவன் கேணையனாக இருந்தால். அப்படியும் சரி என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவளை இன்னும் குத்தியது. பொய் சொல்வது பாவம், எட்டாவது கட்டளை. புருசன் உசிருக்காகச் சொன்ன பொய்க்கு என்ன தண்டனை கிடைக்கும்? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று போன மாதம் வரிசையில் நின்றாள். முழங்கால் போட்டதும் வேறு நாலு சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கொசுவலை விஷயத்தைச் சொன்னால் சாமியார் அதை எடுத்துவிடச் சொல்வார். எடுத்துவிட்டால் தேனீ வரும். தேனீ வந்தால்.

போன வருசம் மே மாதம், இதே பந்தல், இதே இடம், இப்போது அவள் இடது கால் இருக்கிற இடத்தில்தான் அவர் தலை கிடந்தது. பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது, முறம் அகலத்துக்கு. யாரோ புகை போட்டுக் கலைக்கப் பார்த்திருக்கிறார்கள். கலைந்தது அத்தனையும் வந்து இறங்கியது, கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்த இந்த மனுசர் மேல். அடுப்படியில் அவள் குக்கரின் மூன்றாவது விசிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஒரு சத்தம் கேட்டது, அவர் சத்தம் இல்லை. பந்தல் கம்பு முறிகிற சத்தம். அவர் கத்தவே இல்லை. ஏன் கத்தவில்லை என்று இன்று வரைக்கும் கேட்டதில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து இழுத்தாள். கனம் என்றால் அப்படி ஒரு கனம். முகம் அவர் முகமாக இல்லை, கண்ணும் மூக்கும் வாயும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்துபோய், பூசணிக்காய்க்கு மீசை வைத்த மாதிரி. ஆஸ்பத்திரியில் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் கட்டரால் வெட்டினார்கள். ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்குகளைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள், எடுக்க எடுக்க வாய்க்குள் எண்ணினாள். நாற்பத்திரண்டு வரைக்கும் அமலோற்பவத்துக்குக் கேட்டது. அப்புறம் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துக் கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "பீன்ஸ் கம்பு முறிஞ்சிருச்சா?" டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது, "இனிமே தேனீ பக்கம் போகாமப் பாத்துக்கங்க" என்றார். அவள் தலையாட்டினாள். எத்தனை தேனீ, ஒன்று கொட்டினாலும் ஆபத்தா, இல்லை கூட்டமாகக் கொட்டினால்தானா, எதையும் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது கேள்வி. பதில் என்ன வருமோ என்ற பயத்தில் அதை விழுங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கேட்காத கேள்விக்குப் பதிலையும் அவளே எழுதிக்கொண்டாள். ஒன்று கொட்டினாலும் போச்சு. வந்த வாரத்திலேயே முற்றத்தில் பூத்ததையெல்லாம் பிடுங்கினாள். சாமந்தியைப் பிடுங்கினாள், துளசிக் கதிரைக் கிள்ளினாள், வேலியில் படர்ந்த மஞ்சள் பூக்கொடியை வேரோடு இழுத்தாள். வெயில் ஏறினால் அவர் உள்ளே, வெயில் தாழ்ந்தால்தான் வெளியே என்று சட்டம். ஒரு வருசமாக அந்த மனுசர் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊரெல்லாம் சுற்றி, மழையில் நனைந்து, மழை விட்டால் மறுபடி நனையப் போகிற ஆள். இளைத்துப் போனார். சட்டைக் காலர் கழுத்தில் ஆடுகிறது. டிவி பார்ப்பதில்லை, பேப்பரை விரித்தால் அதே பக்கத்தில் ஒரு மணி நேரம். வயதாகிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் அவளுக்குத் தெரியாதா? பங்குனியில் பழைய கிழங்கிலிருந்து இந்தக் கொடி தானாக முளைத்து வந்ததைப் பார்த்துத்தான் ஒரு நாள் சிரித்தார். பிடுங்கப் போன கை அந்தச் சிரிப்பில் நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரிதான் வலையைத் தைத்தாள். அதிலிருந்து தினமும் காப்பி குடிக்கும்போது அவர் கேட்கிற ஒரே கேள்வி, "காய் வெச்சுதா?" அவள் சொல்கிற ஒரே பதில், "இன்னும் இல்லீங்க." வைத்தியம் வேறு சொல்லுவார். மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளி, பூ நிக்கும். சாணி உரம் போதும், இனிமே சாம்பல் போடு, இலைக்கே சத்தெல்லாம் போகுது. சாயங்காலம் பூ மேலே தண்ணி விசிறு. எல்லாம் செய்தாள். பெருங்காய வாசனையில் முற்றமே ரசம் வைத்த வீடு மாதிரி ஆனது. அவர் அக்கா திருச்சியிலிருந்து போன் செய்து, காய்க்காத கொடிக்குப் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடு, ரோசம் வந்து காய்க்கும் என்றாள். செருப்பால் அடிக்க வேண்டியது கொடியை இல்லை என்று நினைத்துக்கொண்டே சரி அண்ணி என்றாள் அமலோற்பவம். ஒரு நாளைப் போல் அவர் கேட்பார், ஒரு நாளைப் போல் அவள் சொல்வாள், காப்பி ஆறும். இந்த வருசமும் காய்க்காவிட்டால் அவர் கேட்பதையும் நிறுத்திவிடுவார். அவளுக்கு அதுதான் பயம். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் அவர் எதைக் கேட்பார்?

கொய்ங் என்று ஏதோ காதோரம். உடம்பு விறைத்தது. இல்லை, ஈ. சாதாரண வீட்டு ஈ, வலைக்கு வெளியே. மூச்சு விட்டாள். ஒரு வருசமாக எந்த ரீங்காரம் கேட்டாலும் இப்படித்தான், மிக்ஸி ஓடினால்கூட ஒரு நொடி நெஞ்சு நின்று ஓடும். வெளிச்சம் வந்துவிட்டது, தேயிலைச் சரிவில் பனி கலைகிறது. இன்னும் சுவரோரம் பாக்கி. அந்தப் பக்கம் பாசி வழுக்கும் என்று அவள் போவதில்லை, இன்றைக்கு என்னவோ, உதிர்ந்த பூக்களை மிதிக்க மனசில்லாமல் ஒதுங்கி ஒதுங்கி அந்தப் பக்கமே வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், இலைக்குப் பின்னால், நுனியில் பூவின் வாடின தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு பிஞ்சு. சுண்டு விரல் நகம் அளவு. பக்கத்தில் இன்னொன்று. மாதாவே. கை தானாக மேலே போனது, ஆள்காட்டி விரலை நீட்டப் போனவள் சட்டென்று மடக்கிக்கொண்டாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப் போகும், மடக்கின விரல் முட்டியால்தான் காட்ட வேண்டும். கோயிலில் இதையெல்லாம் நம்பக் கூடாது என்பார்கள். நம்பாமலே மடக்கலாம், விரல் என்ன தேய்ந்தா போகும்? முட்டியாலேயே எண்ணினாள். மூன்று, நான்கு, அதோ ஒரு கொத்தில் மூன்று, ஏழு. அதற்கும் மேலே, அடேயப்பா, விரல் நீளத்துக்கு ஒரு காய், வளைந்து, மயிர் மினுங்க, ஜம்மென்று தொங்குகிறது. சொல்லலாம். இன்றைக்குக் காப்பியோடு சொல்லலாம். "வெச்சிருக்குங்க." எப்படிச் சொல்வது, சும்மா சாதாரணமாகச் சொல்ல வேண்டும், டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது, ஏதோ பால்காரர் வந்தார் என்பதுபோல. அவர் முகத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த உயரத்துக்கு அவள் கை எட்டாது. எக்கி நின்றாலும் எட்டாது. இந்தப் பக்கத்துப் பூ ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. தொட்ட பக்கமெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது, தொடாத பக்கம் காய்த்திருக்கிறது. அப்படியென்றால் யார்? சந்தோசம் பாதியில் அப்படியே நின்றது. வலையைத் தடவினாள், சுவரோடு சுவராக, தையல் வழியாகவே விரலை ஓட்டினாள். அவள் அடித்த தையல், அவள் விரலுக்குத் தெரியாதா? இடுப்பு உயரத்தில் தையல் முடிந்துபோனது. அறுந்துபோகவில்லை, எலி கடிக்கவில்லை, நூலை ஒவ்வொரு கண்ணாக நிதானமாகப் பிரித்திருக்கிறார்கள் யாரோ. இரண்டு முழத்துக்கு வாய் திறந்து, அந்த வாயைக் கொசுவிக் கொசுவிச் சேர்த்து, சணலால் மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே ஒரு கண்ணி விட்டு இழுத்து ஒரு முடிச்சு. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். தபால் பையின் வாயைக் கட்டுகிற முடிச்சு. அரிசி மூட்டைக்கும் அதுதான், ஊறுகாய் ஜாடித் துணிக்கும் அதுதான், மகள் கல்யாணத்தில் பந்தல்காரன் கட்டினதை அவிழ்த்துவிட்டு இவர் கட்டினதும் அதுதான். கட்டினவர் இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும், மற்றவர்கள் இழுத்தால் இறுகும்.

அவர் வந்திருக்கிறார். வெளியே வந்திருக்கிறார், வெயிலில், அவள் தையல் வகுப்புக்குப் போகிற பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில். வலையைத் திறந்து வைத்திருக்கிறார். தேனீ வந்திருக்கிறது, வராமல் இந்தக் காய் வராது, எத்தனை நாளாக, ஒரு விரல் நீளக் காய் என்றால் பத்து நாளாவது, பத்து நாளாகத் தேனீயும் அவரும் இந்தக் கொட்டடிக்குள் ஒன்றாக, அவள் அங்கே இடுப்புப் பட்டிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது. ஒன்று கொட்டியிருந்தால்? விழுந்திருந்தால்? பன்னிரண்டரை வரைக்கும் இங்கேயே கிடந்திருந்தால்? ராத்திரி அவர் சரியாகச் சாப்பிட்டாரா, சாப்பிட்டார், இரண்டு தோசை. இருமினாரா? காலையில் எழுந்தபோது மூச்சுச் சத்தம் கேட்டதா, கேட்ட ஞாபகம் இல்லையே, அவசரமாக எழுந்து வந்துவிட்டாளே. சணலைப் பிடித்து இழுத்தாள், அது இறுகியது. குனிந்து வந்த வழியே வெளியே போக ஓடினாள், வலை தலையில் சிக்கி, கொண்டை அவிழ்ந்து, கல் தடுக்கி, நிமிர்ந்தால் எதிரில் அவர் நின்றார். சவரிநாதன், லுங்கியும் மப்ளருமாக, கையில் இரண்டு டம்ளர் காப்பி.

"மெதுவா, மெதுவா. எங்க ஓடுற?" என்றார்.

"யாருங்க பிரிச்சது அத?"

அவர் கேட்டது காதில் விழாதவர் மாதிரி ஒரு டம்ளரைக் கல் மேல் வைத்தார். "கொரங்கா இருக்கும்" என்றார்.

"தபால் ஆபீஸ் கொரங்கா? ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? எத்தன நாளா நடக்குது இது?"

"மூணு வாரம் இருக்கும். நீ போனதும் தொறப்பேன், நீ வர்றதுக்குள்ள கட்டிருவேன். ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். அதுங்க பாட்டுக்கு வரும், போகும்."

"வரும், போகுமா? ஒண்ணு கொட்டியிருந்தா என்னங்க ஆகும்?"

"கொட்டுச்சே."

அவளுக்கு அது முதலில் ஏறவில்லை. அவர் சட்டைக் கையை ஒதுக்கி, வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். கொசுக்கடி மாதிரி ஒரு பழுப்புத் தடம், ஆறிப்போனது. அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் அமலோற்பவம். நாற்பத்திரண்டு என்று எண்ணின நர்ஸின் உதடும், வெட்டின மோதிரமும், ஒன்று கொட்டினாலும் போச்சு என்று ஒரு வருசமாகக் காதுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அவள் குரலும் எல்லாம் சேர்ந்து வந்து அந்தச் சின்னத் தடத்தின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றன.

"போன புதன்கெழம" என்றார். "கொட்டுனதும் நேரா நஞ்சம்மா வீட்டுத் திண்ணையில போய் உக்காந்துட்டேன், ஏதாவது ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக அவங்க ஜீப் இருக்கில்ல. ஒரு மணி நேரம் பாத்தேன். கை கொஞ்சம் வீங்குச்சு, வேற ஒண்ணும் ஆகல. மறுநாள் டாக்டர்ட்டப் போய்க் கேட்டேன். சோதிச்சுப் பாத்தாரு. ஒண்ணு ரெண்டு கொட்டுனா உங்களுக்கு ஒண்ணும் செய்யாதுங்கறாரு. அன்னிக்கு அத்தனையும் ஒரே நேரத்துல கொட்டுனதால வந்த வெனயாம், அதுக்கு ஆனையே படுத்துருமாம். கூடு இருக்கற பக்கம் போகாதீங்க, மாத்திரைய கையில வெச்சுக்கங்க, அவ்வளவுதான்னாரு."

"அப்பவே கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். "நான்தான் கேக்கல. பயமா இருந்துச்சு. ஒரு வருசம் உங்கள உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"நானும்தான் கேக்கல, அமலு. எனக்கு மட்டும் பயம் இல்லயா? ஜன்னலுக்கு உள்ள இருக்கறது சவுகரியமாத்தான் இருந்துச்சு." காப்பியை ஒரு மிடறு குடித்தார். "அப்புறம் நீ வெடியக்காலைல வந்து ஒவ்வொரு பூவா கிள்ளிக்கிட்டு நிக்கறதப் பாத்தேன். முட்டிய புடிச்சுக்கிட்டு உக்காந்து உக்காந்து எந்திரிக்கற. பாக்கச் சகிக்கல. அதான்."

அவள் அழுதாள். அழுகை என்று அதைச் சொல்லவும் முடியாது, ஒரு வருசமாகத் தூக்கிக்கொண்டே நின்ற ஏதோ ஒன்றைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்கிறது மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. இவர் இருப்பார். தேனீ வந்தாலும் இருப்பார். நாளைக்குக் காலையில் மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் அவள் எழுந்திருக்கலாம். மிக்ஸி ஓடலாம். சாமந்தி வைக்கலாம், நஞ்சம்மாவிடம் நாற்று இருக்கும். சரிவுக்கு மேலே வெயில் தலை காட்டியது. எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து வலைக்கு வெளியே மோதி, நகர்ந்து, மறுபடி மோதியது. அவள் கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது, பழக்கம் உடனே போய்விடுமா? ஆனால் உள்ளே இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் தேனீ வழி தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் குனிந்து தரையில் இருந்த கற்களைத் தள்ள ஆரம்பித்தாள். அவர் சுவர்ப் பக்கம் போய் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். வலையைக் கொடி அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல உருவி, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, போர்வை மடிப்பது போல எதிர் எதிரே நின்று உதறினார்கள். காய்ந்த பூக்கள் கொட்டின. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. தன் முனைகளை அவர் கையில் கொடுக்கக் கிட்டே வந்தபோது அவள் அந்த மணிக்கட்டை மறுபடி பார்த்தாள்.

"கொட்டுனப்ப வலிச்சுதா?"

"வலிக்காமயா? உசிரு போச்சு."

"நல்லா வேணும்" என்றாள் அமலோற்பவம். சொல்லிவிட்டு அந்தத் தடத்தின் மேல் பெருவிரலை வைத்து அமுக்கிக்கொண்டு, விடாமல் அப்படியே நின்றாள்.